தேதி வைத்தது முட்டி

போன தீபாவளிக்கு மறுநாள், ஒரு ஊக்கு தேடப் போன இடத்தில் எங்கள் குடும்ப ரகசியம் ஒன்று கையில் சிக்கியது.

ஊக்கு என் சட்டைக்கு. முதல் நாள் உள்ளே போன அதிரசங்களைத் தாங்க முடியாமல் புதுச் சட்டையின் மூன்றாவது பட்டன் ராஜினாமா செய்துவிட்டது. அக்கா வீட்டில் இருந்தேன். "ஊக்கு எங்கே?" என்றதற்கு அடுப்படியிலிருந்தே பதில் வந்தது: "பாப்பாவோட சலங்கைப் பையில பாருடா. டான்ஸ் ஆடற பொண்ணு பையில ஊக்கு இல்லாமலா?"

பார்த்தேன். சலங்கை இருந்தது. ஊக்கு இருந்தது. ஊக்குக்கு அடியில் நாலு அட்டை வலி மாத்திரை இருந்தது. அதில் மூன்று அட்டை காலி.

பாப்பா என்பது அக்கா பெண்ணுக்கு வீட்டுப் பெயர். நிஜத்தில் 18 வயசு, காலேஜ் முதல் வருஷம். ஏழு வயசிலிருந்து பரதநாட்டியம். கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அட்டைகளைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து மாமா. முட்டி. உக்காந்து எழுந்தா குத்துது. படியில இறங்கினா உயிர் போவுது."

"காலி அட்டையை ஏன் வெச்சிருக்கே?"

"வீட்டுக் குப்பையில போட்டா அம்மா பாத்துடுவாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா டான்ஸை நிறுத்திடுவாரு. டீச்சருக்குத் தெரிஞ்சா திருவாதிரைக்கு வேற பொண்ணைப் போட்டுடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா, ப்ளீஸ்."

ஆபீஸில் இருபது வருஷமாக ரகசிய ஃபைல்களைக் கையாள்பவன் நான். ஆனால் அவற்றில் எதுவும் என்னைப் பார்த்து அழுததில்லை.

மணவூரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து அரக்கோணம் லோக்கலில் வந்தால் திருவள்ளூர், கடம்பத்தூர், செஞ்சிபானம்பாக்கம், அப்புறம் நாங்கள். எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு நாங்கள் ஒரு மஞ்சள் போர்டு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் திருத்தணி மலை, அதையும் தாண்டினால் ஆந்திரா. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் திருவாலங்காடு.

திருவாலங்காடு என்றால் சாதாரணமில்லை. நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான். சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்து, யாரும் ஜெயிக்காமல் இழுத்துக்கொண்டே போக, சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடி முடித்து வைத்தார் என்பது தலபுராணம். டி.வி. சேனல்கள் நடனப் போட்டி ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே எங்கள் பக்கத்தில் கிராண்ட் ஃபைனலே முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் பிறந்த பெண், மார்கழித் திருவாதிரைக்குக் கோயிலில் ஆட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பு உண்டா? டீச்சர் அவளுக்கு வர்ணம் கொடுத்திருந்தார். திருவாதிரைக்குப் பத்து வாரம்கூட இல்லை.

மறுநாள் காலை லோக்கலில், எங்கள் ரம்மி கோஷ்டியிடம் "என் நண்பரோட பொண்ணு ஒருத்தி" என்று ஆரம்பித்தேன். சீட்டைக் கீழே வைக்காமலே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ்காரர் ஆட்டுக்கால் சூப் என்றார். அக்கவுண்ட்ஸ்காரர், "நம்ம பக்கத்துல இருந்துக்கிட்டு என்ன யோசனை? நேரா புத்தூர்க் கட்டுதான்" என்றார். எங்கள் பக்கத்தில் கை, கால், விரல் எது முறிந்தாலும் திருத்தணி தாண்டிப் புத்தூருக்கு வண்டி பிடிப்பது தலைமுறை வழக்கம். ஆனால் பாப்பாவுக்கு எதுவும் முறியவில்லையே, எதைக் கட்டுவது?

கடைசியில் ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டர்காரப் பையன் காதிலிருந்து ஒயரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவன். "சார், எனக்குக் கணுக்கால் சுளுக்கிச்சு. வீக்கம் போனதும் ஆடப் போயிட்டேன். மூணே மாசத்துல அதே கால் மறுபடியும். அப்புறம்தான் பிசியோகிட்ட போனேன். ஒரு தடவை சுளுக்கின கால், அதைப் பலப்படுத்தாம விட்டா மறுபடி சுளுக்கத் தயாரா இருக்கும்னாங்க. உங்க நண்பர் பொண்ணையும் பிசியோகிட்ட அனுப்புங்க."

யோசித்துப் பார்த்தேன். கிரிக்கெட்டில் ஒருத்தன் தொடையைத் தடவினாலே பையைத் தூக்கிக்கொண்டு பிசியோ ஓடி வருகிறார். 2004-ல் சச்சினுக்கு டென்னிஸ் எல்போ வந்தபோது, ராக்கெட்டைத் தொட்டே பார்த்திராத எங்கள் ஆபீஸ் முழுக்க முழங்கையைத் தேய்த்துக்கொண்டு திரிந்தது. வேகப்பந்து வீச்சாளன் வாரத்துக்கு எத்தனை பந்து போடுகிறான் என்று எண்ணிப் பார்த்து ஓய்வு கொடுக்கிறார்கள். எங்கள் பாப்பா வெறுங்காலோடு சிமென்ட் தரையில் எத்தனை தட்டுத் தட்டுகிறாள் என்று யார் எண்ணினார்கள்?

சனிக்கிழமை, "காலேஜ் ஃபீஸ் விஷயம்" என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, பாப்பாவைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனேன். மாடியில் ஒரு ஹால். பிசியோதெரபி என்றால் கரண்ட் பெட்டி, கால் பிடித்து விடுதல், கொஞ்சம் எண்ணெய் வாசனை என்று கற்பனை செய்திருந்தேன். அங்கே இருந்தது ஒரு பெரிய கண்ணாடி, கலர் கலராக ரப்பர் பட்டைகள், சுவரில் ஒரு நடராஜர் காலண்டர். மேடத்துக்கு முப்பது வயசு இருக்கும்.

"யாருக்குப் பிரச்னை?"

"இவளுக்கு."

"நீங்க உக்காருங்க சார். அவங்களே சொல்லட்டும்."

உட்கார்ந்தேன். பாப்பா சொன்னாள். மேடம் கேட்ட கேள்விகளில் பாதி, முட்டிக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருந்தன. என்ன தரையில் ஆடறே? ஒரு நாளைக்கு எத்தனை மணி? எத்தனை மணி தூக்கம்? காலையில என்ன சாப்பிட்டே?

"காபி."

"அப்புறம்?"

"காபிதான். காஸ்ட்யூம்ல ஒல்லியாத் தெரியணும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "வண்டியில பெட்ரோல் போடாம ஓட்டினா வண்டி நின்னுடும், அதுக்குப் புத்தி இருக்கு. உடம்பு நிக்காது. எலும்புலேர்ந்தும் தசையிலேர்ந்தும் எடுத்து ஓட்டும். ஆடற பொண்ணுங்களுக்கு எலும்புல மயிரிழை விரிசல் விடறதுக்கு இதுவும் ஒரு காரணம். முதல் மருந்து, காலையில நாலு இட்லி."

பிறகு அரைமண்டியில் உட்காரச் சொன்னார். பாப்பா உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் பக்கவாட்டில் திரும்பி, முட்டி விரிந்து, முதுகு நேராக, எனக்குப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேடம் தரையோடு தரையாகக் குனிந்து பாதத்தைப் பார்த்தார். பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடித்து, இடுப்பு மூட்டு எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார்த்தார். ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னார். கண்ணாடியில் நானே பார்த்தேன்: முட்டி நேராக நிற்காமல் வெட்கப்பட்ட மாதிரி உள்பக்கம் சாய்ந்தது.

"பாத்தீங்களா? அரைமண்டிக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டுலேர்ந்து வரணும். இவளுக்கு இடுப்புல அவ்வளவு இல்ல. ஆனா பாதம் மட்டும் முழுசாத் திரும்பி நிக்குது. மீதித் திருப்பத்தை எங்கேர்ந்து எடுக்கறா? முட்டிகிட்டயும் கணுக்கால்கிட்டயும் கடன் வாங்கறா."

கடன் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. மாதம் ஐந்தாம் தேதி பாங்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். மாதிரிதான் இந்த வலியும்.

"முட்டி, கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். முறுக்கறதுக்கு அது பெரிசாத் தோதுப்படாது. முட்டிச் சில்லு தொடை எலும்புல ஒரு பள்ளத்துல ஏறி இறங்குது, தண்டவாளத்துல வண்டி போற மாதிரி. இடுப்புப் பக்கத் தசைக்குப் பலம் இல்லைன்னா தொடை உள்பக்கம் சாயும். தண்டவாளமே நகர்ந்தா வண்டி என்ன பண்ணும்? ஓரத்துல உரசும். உக்காந்து எழும்போதும், படி இறங்கும்போதும்தான் அந்த இடத்துல அழுத்தம் அதிகம். அதான் அங்க குத்துது."

"அப்ப ஆடக் கூடாதா மேடம்?" பாப்பாவின் குரல் பாதியில் உடைந்தது. ஏற்கெனவே யாருக்கும் தெரியாமல் தோழியோடு ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. டான்ஸை விட்டுடு" என்று இரண்டே வாக்கியத்தில் அனுப்பியிருக்கிறார்.

"ஆடலாம். ஆனா திருவாதிரைக்கு வர்ணம் வேண்டாம்."

பாப்பா அழுதாள். மேடம் டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தசைக்குப் பலம் ஏற ஆறு வாரத்துலேர்ந்து பன்னிரண்டு வாரம் ஆகும். உனக்கு ஆசை இருக்குன்னு அது சீக்கிரம் ஏறாது. கச்சேரித் தேதியைப் பஞ்சாங்கம் வைக்கும். நீ மேடை ஏறும் தேதியை முட்டிதான் வைக்கும்."

கிளம்பும்போது நான் அந்தக் காலண்டர் நடராஜரையே பார்த்துக்கொண்டிருந்ததை மேடம் கவனித்திருக்க வேண்டும். "எந்த ஊர் சார்?" என்றார். "மணவூர். திருவாலங்காட்டுக்குப் பக்கம்" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். பட்டன் இல்லாத இடத்தில் ஊக்கு குத்தியது.

திருவாலங்காட்டிலிருந்து போன நடராஜர் வெண்கலம் ஒன்று எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. ரோடின் என்ற பெரிய பிரெஞ்சுச் சிற்பி அதன் போட்டோக்களைப் பார்த்தே சொக்கிப்போய் எழுதிய கட்டுரை 1921-ல் அச்சானது. ரோடின் பார்த்தது வேறு. மேடம் பார்த்தது முட்டியை.

"எல்லாரும் தூக்கின காலைத்தான் பாக்கறாங்க சார். நீங்க நிக்கற காலைப் பாருங்க. பாதி மடங்கின முட்டி, பாதம் திரும்பின அதே பக்கம் நேரா நிக்குது. மொத்த உடம்பும் அதுமேல. அந்த ஒரு கால் ஆடாம இருக்கறதாலதான் இன்னொரு கால் ஆட முடியுது. உங்க ஊர் ஊர்த்துவ தாண்டவமும் அப்படித்தான். தலைக்கு மேல போற காலுக்கு வளைவு வேணும், கீழ நிக்கற காலுக்குப் பலம் வேணும். நம்ம பொண்ணுங்க வளைவை மட்டும் வளத்துக்கறாங்க."

நாலரை வருஷம் படித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா முதலில் என்னைத் திட்டினாள், அப்புறம் பாப்பாவைத் திட்டினாள், அப்புறம் இருவருக்கும் சாப்பாடு போட்டாள். அக்கா வீட்டுக்காரர்தான் பேசவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "போதும் ஆடினது. நாளைக்கு வரன் பாக்கறப்போ 'பொண்ணுக்குக் கால்ல ஏதோ கோளாறாம்'னு நாலு பேர் பேசுவான். மச்சான், நீயும் இதுல கூட்டா?"

பாப்பா ஏன் மூன்று மாதம் மாத்திரையை ஒளித்தாள் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வீட்டில் வலியைவிட, வலி வெளியே தெரிவது பெரிய குற்றம்.

எனக்கு ஒரே ஓர் ஆயுதம்தான் கைவசம் இருந்தது. "மாமா, மயூரி பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறார். இளவட்டமாக இருந்தபோது திருத்தணியில் பார்த்து அழுதிருக்கிறார். சுதா சந்திரனின் கதை எங்கள் தலைமுறைக்குத் தெரிந்ததுதான். 1981-ல் திருச்சிக்கு அருகே பஸ் விபத்து. காலில் புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே.சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் 1968-ல் உருவாக்கியிருந்த ஜெய்ப்பூர் கால் அவருக்குப் பொருத்தப்பட்டது. 1984-ல் மறுபடி மேடை ஏறினார். அடுத்த வருஷமே படத்தில் தன் கதையில் தானே நடித்தார்.

அக்கா வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் நேராகப் பாப்பாவிடம் திரும்பி, "அந்தப் பொண்ணு கட்டைக் காலோட ஆடுச்சு. உனக்கு ரெண்டு காலும் இருக்கு. முட்டி வலிக்குதுன்னு மூலையில உக்காருவியா? திருவாதிரைக்கு நீ ஆடறே!" என்றார்.

ஐந்தே நிமிஷத்தில் "ஆடவே கூடாது" என்பதிலிருந்து "ஆடியே தீரணும்" என்பதற்குத் தாவிவிட்டார் மனுஷன். நடுவில் ஒரு ஸ்டேஷன் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி!

அடுத்த சனிக்கிழமை அவரையே திருவள்ளூருக்குக் கூட்டிப் போனேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "விபத்து 1981. மேடை 1984. நடுவுல எத்தனை வருஷம் சார்? அந்தத் தைரியத்தை எல்லாரும் சொல்றாங்க. அந்த வருஷங்களை யாரும் எண்றதில்ல. உங்க பொண்ணுகிட்ட நான் கேக்கறது சில மாசம்தான்."

அக்கா வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் ஒரு டஜன் முட்டை வாங்கினார். அவர் சம்மதம் சொல்லும் முறை அது.

மிச்சம் இருந்தது டீச்சர். அவர் என்ன சொல்வாரோ என்று பாப்பாவுக்கு நடுக்கம். "வலிக்காம கலை வராது" என்று வகுப்பில் சொல்கிறவர். நானும் பக்கவாத்தியமாகப் போனேன். பாப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினார். முட்டியில் எலாஸ்டிக் உறை. நிறம் வெளுத்து, ஓரம் நைந்து போயிருந்தது.

"இருபது வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன். எங்க வாத்தியார் கேக்கல, நானும் சொல்லல. நீயாவது சொன்னியே" என்றார்.

வெளிநாட்டு பாலே கம்பெனிகளில் ஆடுகிறவர்களுக்கு உள்ளேயே பிசியோ இருக்கிறார்கள். நடன மருத்துவத்துக்கென்று 1990-லேயே ஒரு சர்வதேச சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே இருபது வருஷமாக ஒரு டீச்சர் தன் முட்டியைப் புடவைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த மாசமே அவரும் திருவள்ளூருக்கு வண்டி ஏறினார்.

இனி, பிசியோதெரபி என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்பதுதான் அதன் ஆச்சரியம். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்வது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து, முட்டிக்கு மேல் ரப்பர் பட்டை மாட்டி, சிப்பி திறந்து மூடுவது மாதிரி மேல் முட்டியைத் திறந்து மூடுவது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு வாரத்தில் யாருக்கும் சலித்துவிடும். சலித்த பிறகும் செய்வதுதான் வைத்தியம்.

முதல் மாசம் குதிப்பது, முழுமண்டி இரண்டும் கிடையாது. ஆனால் "சும்மா படு" என்றும் மேடம் சொல்லவில்லை. சும்மா படுத்தால் இருக்கிற பலமும் போய்விடுமாம். உட்கார்ந்து அபிநயம் செய்யலாம், கையால் தாளம் போட்டு ஜதி சொல்லலாம், மனசுக்குள் முழு வர்ணத்தையும் ஆடலாம். இரண்டாவது மாசம் பாதி ஆழத்தில் அரைமண்டி, முதல் காலத்தில் மட்டும் அடவு. பாதம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை இடுப்பு முடிவு செய்யும். அரைமண்டி கொஞ்சம் குறுகித்தான் தெரிந்தது. டீச்சர் கண்டுகொள்ளவில்லை.

தட்டுகளை எண்ணும் வேலை எனக்கு. முன்பெல்லாம் ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை தட்டு என்று தெரிந்துகொள்ள, இன்னொரு பெண் ஆடுவதை ஒருநாள் எண்ணினேன். ஆயிரத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எண்ணிய எனக்கே கால் வலித்தது. பாப்பாவுக்கு மேடம் நூறில் ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். டீச்சர் வகுப்பை மொட்டை மாடி சிமென்ட்டிலிருந்து, மரப்பலகை அடித்த ஓர் அறைக்கு மாற்றினார். சிமென்ட் அடியை வாங்கிக்கொள்ளாது, அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

வலிக்கு ஒரு மார்க் ஷீட். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. மூன்று வரை பரவாயில்லை, பயப்படாமல் ஆடலாம். ஐந்தைத் தாண்டினால் நிறுத்து. முக்கியமான விதி அடுத்தது: மறுநாள் காலையில் எழுந்தால் வலி முந்தின அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்று அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கைதட்டல் அன்றைக்கே கேட்கும். முட்டி தன் அபிப்பிராயத்தை மறுநாள் காலையில்தான் சொல்லும்.

திருவாதிரை வந்தது. வர்ணத்தை இன்னொரு பெண் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். பாப்பா நடுவில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்தாள். உட்கார்ந்து பதம் செய்வது பழைய வழக்கம்தான். ஆனால் கூட்டத்தில் ஓர் அம்மாள், "ஏன், இந்தப் பொண்ணுக்கு நிக்க வராதா?" என்று சத்தமாகவே கேட்டார். அன்று ராத்திரி பாப்பா அழுதாள். சலங்கைப் பையை நானே எடுத்துப் பார்த்தேன். மாத்திரை இல்லை. அழுகை மட்டும்தான். அதற்கு மருந்து தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு ஆடினாள். முப்பது நிமிஷம். முன்பு மாதிரி இரண்டு மணி நேரம் இல்லை. முதல் அரைமண்டியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் மேடையைப் பார்க்கவே இல்லை, மகளின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தீர்மானத்தில் மூன்று காலமும் விழுந்தது. முட்டி இரண்டும் பாதம் போன பக்கமே நின்றன. நான் எண்ணிக்கையை மறந்துவிட்டேன்.

கைதட்டினார்கள். எங்கள் நாலு பேருக்கும் அது காதில் விழவில்லை. மறுநாள் காலைக்காகக் காத்திருந்தோம்.

மறுநாள் அக்காவின் வேண்டுதல். திருத்தணி மலைக்குப் படி ஏறிப் போனோம். வருஷத்தின் நாட்களைப் போல 365 படி. ஏறும்போது யாரும் கவலைப்படவில்லை, ஏறுவது மூச்சின் வேலை. இறங்குவதுதான் முட்டியின் வேலை. தரிசனம் முடிந்து இறங்க ஆரம்பித்தோம். அக்கா வீட்டுக்காரர் ஒவ்வொரு படிக்கும் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பதாவது படியில், "எத்தனை பாப்பா?" என்றார்.

"ஒண்ணுப்பா."

நூற்றைம்பதில் மறுபடியும். "ஒண்ணுதாம்பா." இருநூறு தாண்டியதும் அவள் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். கீழே கடையில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டு நின்றவளை, கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தவன் பார்த்தான். அந்தக் கடைசி ஆள் நான்தான். என் மதிப்பெண் எட்டு.

எனக்கும் மேடம் வைத்தியம் சொல்லியிருந்தார் என்பதை இத்தனை நேரம் மறைத்துவிட்டேன். ஒருநாள் சும்மா இருந்தவனைக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். என் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. "நாள் முழுக்க நாற்காலி, மீதி நேரம் ரயில் சீட்டு. ஆடறவங்களுக்கு ஆடி ஆடி வலி, உங்களுக்கு அசையாம வலி. லோக்கல்ல நின்னுக்கிட்டே தினம் இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்க" என்றார். இதைப் படிக்கும் ஆபீஸ் நண்பர்களே, சிரிக்காதீர்கள். உங்கள் விரல் எங்கே நிற்கிறது என்று எழுந்து நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நடராஜர் படத்தை எங்கே பார்த்தாலும் இப்போதெல்லாம் நிற்கிற காலைத்தான் பார்க்கிறேன்.

சித்திரை ஒன்று. மறுபடி புதுச் சட்டை, மறுபடி அக்கா கை வடை, மறுபடி மூன்றாவது பட்டன். ஊக்கு தேடிச் சலங்கைப் பையைத் திறந்தேன். உள்ளே கை விடுவதற்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஊக்கு இருந்தது. அதற்கு அடியில் பச்சை நிற ரப்பர் பட்டையும், ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன. நோட்டில் தேதி, தட்டு எண்ணிக்கை, வலி, மறுநாள் காலை வலி என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் 1, 0, 1, 0.

அதற்குக் கீழே தனியாகக் கோடு போட்டு, சிவப்பு மையில் ஒரு வரி:

"மாமா: தினமும் 20 குதிகால். இந்த வாரமும் செய்யவில்லை."